தெனோச்சித்லானை வீழ்த்தியது யார்?

"வெறும் 500 ஸ்பானியர்கள், லட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த ஆஸ்டெக் பேரரசை இரண்டே ஆண்டில் எப்படி வீழ்த்தினார்கள்? துப்பாக்கியும் குதிரையும் காரணமா, அம்மை நோயா, இல்லை கோர்தேஸைக் கடவுள் என்று ஆஸ்டெக் அரசர் மோக்தெசுமா நம்பிவிட்டாரா? உள்ளூர்க்காரர்கள் உதவினார்கள் என்று படித்தேன். அப்படியானால் அவர்கள் துரோகிகள்தானே?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் நான்கும் ஒரே கணக்கின் மேல் நிற்கின்றன. ஒரு பக்கம் 500 பேர், இன்னொரு பக்கம் ஒரு பேரரசு என்ற கணக்கு அது. அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால் துப்பாக்கி, நோய், மூடநம்பிக்கை என்று ஏதாவது ஓர் அதிசயக் காரணம் தேவைப்படும். கணக்கே தவறு என்பதுதான் என் பதில்.

கல்லூரியில் பல ஆண்டுகளாக உலக வரலாறு நடத்துகிறேன். காலனிய மெக்சிகோதான் நான் அதிகம் படித்த பகுதி. ஸ்பானிய ஆவணங்களை மூலமொழியில் படிப்பேன். அந்நாட்டு மக்கள் தங்கள் நாவாட்ல் மொழியில் எழுதியவற்றுக்கு மொழிபெயர்ப்புகளையே நம்பியிருக்கிறேன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் அந்த 500. ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்தேஸ் 1519 பிப்ரவரியில் 11 கப்பல்களுடன் கியூபாவிலிருந்து கிளம்பினார். உடன் ஏறத்தாழ 500 வீரர்கள், 100 மாலுமிகள், 16 குதிரைகள், சில சிறு பீரங்கிகள். படையில் இருந்த பெர்னால் தியாஸ் பிற்காலத்தில் எழுதியதன்படி துப்பாக்கிக்காரர்கள் 13 பேர், குறுக்குவில் வீரர்கள் 32 பேர். கியூபாப் பழங்குடியினரும் ஆப்பிரிக்கர் சிலரும் கூட வந்தார்கள். "500 ஸ்பானியர்" என்று சொல்லும்போதே அவர்கள் விடுபட்டுப்போகிறார்கள். இது புறப்பட்டபோது இருந்த எண்ணிக்கை. 1521 ஆகஸ்டு 13 அன்று ஆஸ்டெக் தலைநகரான தெனோச்சித்லான் விழுந்தபோது முற்றுகையில் நின்ற ஸ்பானியர் சுமார் 900 பேர். அவர்களோடு நின்ற உள்ளூர் (மெசோ அமெரிக்க) படையினர் பல்லாயிரம் பேர். லட்சத்துக்கு மேல் என்று சொல்லும் பழைய குறிப்புகளும் உண்டு. சரியான எண்ணை இன்று நிறுவ முடியாது. ஆனால் ஒரு ஸ்பானியருக்குப் பக்கத்தில் குறைந்தது சில பத்துப் பேராவது நின்றார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை.

அந்தப் பல்லாயிரம் பேர் யார் என்று தெரியவேண்டுமானால் அந்தப் பேரரசு எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும். ஆஸ்டெக் பேரரசு என்று நாம் சொல்வது தெனோச்சித்லான், தெஸ்கோக்கோ, திலாக்கோபான் ஆகிய மூன்று நகரரசுகளின் கூட்டணி. 1428-இல் அஸ்கபோட்சல்கோ என்ற நகரை வீழ்த்தி அவை எழுந்தன. 90 ஆண்டுகளில் தெனோச்சித்லானின் மெக்சிகா மக்கள் மற்ற இருவரையும் மிஞ்சிவிட்டார்கள். வென்ற ஊர்களில் அவர்கள் பெரும்பாலும் சொந்த ஆட்சியை நிறுவவில்லை. உள்ளூர் அரச குடும்பத்தை அப்படியே விட்டுவிட்டுத் திறை வாங்கினார்கள். பருத்தித் துணி, மக்காச்சோளம், கொக்கோ, பறவை இறகு, பச்சைக்கல் என்று எந்த ஊர் எவ்வளவு தரவேண்டும் என்பதைப் படங்களாகவே எழுதி வைத்திருந்தார்கள். திறை கொடுக்கும் ஒவ்வொரு ஊரிலும் சொந்த அரசன், சொந்தக் கடவுள், சொந்தப் பகை எல்லாம் உயிரோடு இருந்தன. மேலே இருப்பவன் தளர்ந்தால் கழன்றுகொள்ள எல்லோரும் தயாராக இருந்த அமைப்பு அது.

கழன்றுகொள்ளக்கூட வேண்டாதபடி, மெக்சிகாவுக்குக் கடைசிவரை பணியாமல் நின்ற நாடும் ஒன்று இருந்தது. அதுதான் திலாஸ்கலா. தெனோச்சித்லானுக்குக் கிழக்கே, எரிமலைகளுக்கு அப்பால், நான்கு குறுநில ஆட்சிகள் சேர்ந்து ஒரு சபையாக ஆண்ட நாடு. சுற்றிலும் மெக்சிகாவின் ஆதிக்கம். வணிகப் பாதைகளை அடைத்துவிட்டதால் உப்புக்கும் பருத்திக்கும் பஞ்சம். தலைமுறை தலைமுறையாகப் போர். கோர்தேஸ் கடற்கரையிலிருந்து மேலேறி 1519 செப்டம்பரில் இங்கே நுழைந்தபோது திலாஸ்கலாவினர் அவரை வரவேற்கவில்லை, போரிட்டார்கள். அடுத்தடுத்து நடந்த சண்டைகளில் ஸ்பானியர் களைத்துப்போனார்கள். பலர் காயம்பட்டுக் கிடந்தார்கள். இன்னும் சில வாரம் தொடர்ந்திருந்தால் கோர்தேஸின் பயணம் அங்கேயே முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் சபை வேறு முடிவெடுத்தது. இந்த அந்நியர்களைக் கொன்று தீர்ப்பதைவிட மெக்சிகாவுக்கு எதிராகப் பயன்படுத்துவது லாபம் என்று கணக்கிட்டது.

பேச்சுவார்த்தை நடந்தது ஒரு பெண்ணின் வழியாக. மலின்ட்சின், ஸ்பானியர் வாயில் தோன்யா மரினா. தபாஸ்கோ கடற்கரையில் தோற்ற ஊர்க்காரர்கள் கோர்தேஸிடம் ஒப்படைத்த 20 அடிமைப் பெண்களில் ஒருவர். நாவாட்லும் மாயா மொழியும் அறிந்தவர். 1511-இல் கப்பல் உடைந்து மாயா மக்களிடையே பல ஆண்டுகள் வாழ்ந்த ஹெரோனிமோ தே அகிலார் என்ற ஸ்பானியர் மாயா மொழியிலிருந்து ஸ்பானியத்துக்கு மாற்றுவார். பின்னர் மலின்ட்சினே ஸ்பானியம் கற்றுக்கொண்டார். இந்தப் பெண் இல்லாமல் கோர்தேஸால் ஒரு கூட்டணியைக்கூடப் பேசி முடித்திருக்க முடியாது. திலாஸ்கலாவினர் பிற்காலத்தில் தீட்டிய துணி ஓவியங்களில் அவர் காட்சிக்குக் காட்சி நடுவில் நிற்கிறார்.

தலைநகருக்குப் போகும் வழியில் சோலூலா நகரில் அக்டோபரில் ஸ்பானியரும் திலாஸ்கலாவினரும் நடத்திய படுகொலை இன்றும் விவாதத்துக்குரியது. தங்களைப் பதுங்கித் தாக்கத் திட்டம் இருந்தது என்கிறார்கள் ஸ்பானியர். இரண்டு மணி நேரத்தில் 3,000 பேர் இறந்ததாக கோர்தேஸே எழுதுகிறார். நாவாட்ல் பதிவோ, சோலூலா மேல் பகை கொண்ட திலாஸ்கலாவினர் தூண்டிவிட்டது என்கிறது. சதி இருந்ததா என்பதை இனி யாராலும் உறுதி செய்ய இயலாது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆயுதமின்றி முற்றத்தில் கூடியிருந்தவர்கள் என்பது உறுதி.

1519 நவம்பர் 8 அன்று அவர்கள் தெனோச்சித்லானுக்குள் போனார்கள். தெஸ்கோக்கோ ஏரியின் நடுவே தீவில் நின்ற நகரம். கரையோடு இணைக்கும் நீண்ட கல்பாதைகள், சபுல்தெபெக் குன்றிலிருந்து குடிநீர் கொண்டுவரும் கால்வாய். பக்கத்து திலாத்தெலோல்கோ சந்தையில் நாள்தோறும் 60,000 பேர் வாங்கி விற்பார்கள் என்று கோர்தேஸ் மன்னருக்கு எழுதினார். எண் கூடுதலாக இருக்கலாம், வியப்பு உண்மையானது. இன்று நம் சமையலறையில் இருக்கும் மிளகாயும் தக்காளியும் அந்தச் சந்தையின் அன்றாடச் சரக்கு.

இங்கேதான் கடவுள் கதை வருகிறது. கெட்சல்கோவாத்ல் என்ற தெய்வம் கிழக்கிலிருந்து திரும்பி வரும் என்று மெக்சிகா மக்கள் காத்திருந்தார்கள், கோர்தேஸை அந்தத் தெய்வமென்று எண்ணி மோக்தெசுமா நாட்டைக் கொடுத்துவிட்டார் என்பது கதை. நம் ஊர்ப் பள்ளி வகுப்புகளிலும் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆதாரத்தை வரிசையாக அடுக்கினால் கதை நிற்கவில்லை. 1520 அக்டோபர் 30 தேதியிட்ட கடிதத்தில் மோக்தெசுமாவின் வரவேற்புரையை கோர்தேஸ் எழுதுகிறார். அதில் கெட்சல்கோவாத்ல் பெயரே இல்லை. கிழக்கே போன பழைய தலைவன் ஒருவனின் வழிவந்தவர்கள் திரும்புவார்கள் என்ற பேச்சு மட்டும் இருக்கிறது. அதே உரையில் மோக்தெசுமா தன் உடலைத் தொட்டுக் காட்டி, நானும் உங்களைப் போல சதையும் எலும்பும் உள்ளவன்தான் என்கிறார். அந்த உரையும்கூட அப்படியே பேசப்பட்டதா என்பது சந்தேகம். கியூபா ஆளுநர் தியேகோ வெலாஸ்கேஸின் கட்டளையை மீறி வந்தவர் கோர்தேஸ். ஓர் அரசன் மனமுவந்து ஸ்பெயினின் குடிமகனாகிவிட்டான் என்று காட்டினால்தான் அவர் செய்தது சட்டப்படி சரியாகும், பின்னால் மெக்சிகா எதிர்த்ததைக் கலகம் என்று சொல்லவும் முடியும். கோர்தேஸையும் அந்தத் தெய்வத்தையும் இணைக்கும் எழுத்து, நகரம் விழுந்து ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்தே தென்படுகிறது. பெர்னார்தினோ தே சஹாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் மேற்பார்வையில், துறவிகளிடம் படித்த நாவாட்ல் இளைஞர்கள் தொகுத்த பெரும் ஏட்டில் அது விரிவாக வருகிறது. தோற்ற தலைமுறையின் பிள்ளைகள், ஏன் தோற்றோம் என்ற கேள்விக்கு மோக்தெசுமாவின் அச்சத்தையும் தீய சகுனங்களையும் விடையாக்கிக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. மோக்தெசுமா உண்மையில் என்ன நினைத்தார் என்று சொல்லும் அவர் காலத்துச் சான்று எதுவும் நம்மிடம் இல்லை. ஆயிரக்கணக்கான திலாஸ்கலா வீரர்களுடன் வந்து நின்ற கூட்டத்தை, நகருக்குள் வைத்துக் கண்காணிப்பதே மேல் என்று ஓர் அனுபவமுள்ள அரசர் முடிவெடுத்திருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது. அதற்குத் தெய்வ பயம் தேவையில்லை.

அடுத்த ஆண்டு எல்லாம் தலைகீழானது. கோர்தேஸைப் பிடிக்க வெலாஸ்கேஸ் அனுப்பிய பான்ஃபிலோ தே நர்வாயெஸின் பெரிய படை 1520 வசந்தத்தில் வந்திறங்கியது. கோர்தேஸ் கடற்கரைக்குப் போய் நர்வாயெஸைத் தோற்கடித்து, அவருடைய ஆட்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். அதற்குள் தலைநகரில் விட்டுவந்த பெத்ரோ தே அல்வராதோ, தோஷ்கத்ல் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கோயில் முற்றத்தில் வெட்டிக் கொன்றுவிட்டார். நகரம் கொதித்தெழுந்தது. மோக்தெசுமா இறந்தார், தம் மக்கள் எறிந்த கல் பட்டு என்று ஸ்பானியரும், ஸ்பானியர் கையால் என்று பல நாவாட்ல் பதிவுகளும் சொல்கின்றன. ஜூன் 30 இரவு ஸ்பானியர் தப்பி ஓடினார்கள். கல்பாதையின் இடைவெளிகளில் நூற்றுக்கணக்கான ஸ்பானியரும், அவர்களைவிடப் பல மடங்கு திலாஸ்கலாவினரும் செத்தார்கள். துப்பாக்கி, குதிரை, இரும்பு வாள் எல்லாம் இருந்தும் இந்தத் தோல்வி நடந்தது. கருவிகளால் மட்டும் வென்றார்கள் என்பவர்கள் இந்த இரவைக் கவனிக்கவேண்டும்.

என்னைக் கேட்டால் அந்தப் போரின் முடிவு எழுதப்பட்டது அடுத்து வந்த வாரங்களில், தெனோச்சித்லானில் அல்ல, திலாஸ்கலாவின் சபையில். கோர்தேஸ் அப்போது தோற்று ஓடிவந்தவர். பீரங்கிகள் போய்விட்டன, குதிரைகளில் பெரும்பகுதி போய்விட்டது. மெக்சிகா தூதர்கள் திலாஸ்கலாவுக்கு வந்தார்கள். நாம் ஒரே மொழி பேசுகிறோம், ஒரே தெய்வங்களைக் கும்பிடுகிறோம், பழம்பகையை விடுவோம், இந்த அந்நியர்களை முடித்துவிடுவோம் என்பது அவர்கள் கொண்டுவந்த செய்தி. சபையில் கடும் வாக்குவாதம் நடந்ததாக ஸ்பானியர் பதிவுகள் சொல்கின்றன. 1519-இல் கோர்தேஸை எதிர்த்துப் படை நடத்திய இளைய ஷிகோதென்கத்ல், தூதர்கள் சொல்வதை ஏற்கவேண்டும் என்றார். மூத்த தலைவரான மஷிஷ்காட்சின் மறுத்தார். கோபத்தில் ஷிகோதென்கத்லைப் படியிலிருந்து தள்ளிவிட்டார் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அந்தத் தள்ளுமுள்ளு நடந்திருக்கலாம், கதையாகவும் இருக்கலாம். சபை ஸ்பானியரை வைத்துக்கொள்ள முடிவெடுத்தது மட்டும் நடந்த வரலாறு. அதற்கு விலையாகத் திறை விலக்கும், வென்ற ஊர்களில் பங்கும் பேசிக்கொண்டதாக திலாஸ்கலாவினர் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். அந்த முடிவு மறுபக்கம் போயிருந்தால் கோர்தேஸின் பெயர் தோற்றுப்போன படையெடுப்பாளர்களின் பட்டியலில் ஓர் அடிக்குறிப்பாக இருந்திருக்கும்.

நோயைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் மிகையும் குறையும் கலந்து பேசப்படுகின்றன. பெரியம்மை நர்வாயெஸ் படையோடு வந்தது. 1520 இலையுதிர்காலத்தில் தெனோச்சித்லானைத் தாக்கி ஏறத்தாழ 60 நாள் ஆட்டிவைத்தது. மோக்தெசுமாவுக்குப் பின் அரசரான குயித்லாவாக் சுமார் 80 நாள் ஆண்டு அம்மையில் இறந்தார். படுக்கையில் திரும்பிப் படுக்கக்கூட முடியாமல், சோறு கொடுக்க ஆளில்லாமல் பட்டினியில் பலர் செத்தார்கள் என்று சஹாகுனின் ஏடு சொல்வதை இத்தனை முறை படித்தும் என்னால் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை. ஆனால் அம்மை கட்சி பார்க்கவில்லை. திலாஸ்கலாவின் மஷிஷ்காட்சினும் அதில்தான் இறந்தார். ஆகவே நோய் ஒரு பக்கத்தை மட்டும் அழித்து வெற்றி தந்தது என்பது சரியாகாது. அது செய்த அரசியல் வேலை வேறு. ஊர் ஊராகத் தலைவர்கள் இறந்தபோது, அடுத்தவர் யார் என்ற தகராறுகளைத் தீர்த்துவைக்கும்படி கூட்டணி ஊர்கள் கோர்தேஸிடம் வந்தன. அவர் தனக்கு வேண்டியவர்களை அமர்த்தினார். மக்கள்தொகையை நொறுக்கிய பெரும் சாவுகள் நகரம் விழுந்த பிறகுதான் வந்தன. 1545-இலும் 1576-இலும் வந்த கொள்ளைநோய்கள் 1520-ஐவிடக் கொடியவையாக இருந்திருக்கலாம். 1545 நோயில் இறந்தவர்களின் பற்களை வஹாக்கா பகுதிக் கல்லறை ஒன்றிலிருந்து எடுத்துச் சோதித்தவர்கள், டைபாய்டு வகையைச் சேர்ந்த கிருமியின் மரபணுவைக் கண்டதாக 2018-இல் வெளியிட்டார்கள். அது ஒன்றே காரணம் என்று அதை வைத்து முடிவுகட்ட இயலாது. மத்திய மெக்சிகோவின் 1519 மக்கள்தொகைக்கு 2.5 கோடி என்ற மதிப்பீடும் உண்டு, அதில் பாதிக்கும் குறைவு என்பாரும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்குச் சற்று மேலேதான் மிஞ்சினார்கள் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. நோயோடு கட்டாய உழைப்பும், இடப்பெயர்வும், பசியும் சேர்ந்தே இந்தச் சாவு நடந்தது. நோயை மட்டும் சொல்வது ஆண்டவர்களின் பொறுப்பைக் கழற்றிவிடுவதாகும்.

கருவிகளுக்கு உரிய இடத்தையும் கொடுத்துவிடலாம். திறந்த வெளியில் குதிரைப்படை பெரும் பலம். எஃகு வாள் அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கல் பதித்த மரவாளைவிட நீடித்தது. அதே சமயம் அந்த ஊர்ப் பருத்திக் கவசத்தை ஸ்பானியர்களே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். போரைத் தீர்மானித்த ஐரோப்பியத் தொழில்நுட்பம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் கப்பலைச் சொல்வேன். ஏரி நகரைப் பிடிக்க மார்த்தீன் லோபெஸ் என்ற தச்சர் 13 பாய்மரப் படகுகளைச் செய்தார். மரம் வெட்டி அளவெடுத்து வேலை நடந்தது திலாஸ்கலாவில். பலகைகளை மலை தாண்டிச் சுமந்தவர்கள் 8,000 பேர், அந்த ஊர்வலம் தெஸ்கோக்கோவுக்குள் நுழைந்து முடிய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று என்று கோர்தேஸே எழுதுகிறார். படகை ஏரியில் இறக்க 8,000 பேர் 50 நாள் கால்வாய் தோண்டினார்கள். அவர்கள் தெஸ்கோக்கோ நாட்டவர். ஆஸ்டெக் முக்கூட்டணியின் இரண்டாவது பெரிய நகரமே இப்போது கட்சி மாறியிருந்தது. 1515-இல் மன்னர் இறந்தபின், வாரிசுப் போட்டியில் மோக்தெசுமா ஆதரித்தவருக்கு எதிராக நின்ற இளவரசர் இஷ்த்லில்ஷோசித்ல், கோர்தேஸின் முக்கியத் துணைவரானார். 1521 மே மாதம் நகரின் குடிநீர்க் கால்வாயை வெட்டினார்கள். படகுகள் உணவை மறித்தன. இளம் அரசர் குவாத்தேமோக்கின் தலைமையில் மெக்சிகா மக்கள் பசியிலும் தாகத்திலும் தெருத் தெருவாகப் போரிட்டார்கள். ஜூன் 30 அன்று ஒரு பொறியில் சிக்கவைத்து ஐம்பதுக்கும் மேற்பட்ட ஸ்பானியரை உயிரோடு பிடித்தார்கள். அதைக் கண்டு கூட்டணிப் படைகளில் பெரும்பகுதி சில நாள் விலகிப்போனது. ஸ்பானியரால் அந்த நாட்களில் முன்னேற முடியவில்லை. நண்பரின் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரிந்து வேறில்லை.

இவ்வளவு பேர் இருந்தும் 500 என்ற எண் ஏன் நிலைத்தது? மன்னரிடம் பதவியும் நிலமும் கேட்டு, நான் இன்ன இன்ன செய்தேன் என்று விண்ணப்பம் எழுதுவது அக்கால வழக்கம். அந்த எழுத்தில் பக்கத்தில் நின்றவனைக் குறைத்துக் காட்டினால்தான் தன் பங்கு பெரிதாகும். ஆனால் பக்கத்தில் நின்றவர்களும் எழுதினார்கள். ஹுவேஹோட்சிங்கோ நகரசபை 1560-இல் மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு நாவாட்லில் ஒரு கடிதம் அனுப்பியது. படகு செய்ய மரமும் கீலும் கொடுத்தோம், போரில் கைவிடவே இல்லை, திலாஸ்கலாவினரைவிட நாங்கள் குறைந்தவர்கள் இல்லை, ஆனாலும் எங்கள் மேல் 14,800 பெசோ வரி விழுந்திருக்கிறது என்பது அதன் சாரம். வென்ற பக்கத்தில் நின்றவர்கள் நாற்பது ஆண்டுக்குள் கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டதை அந்தக் கடிதம் காட்டுகிறது.

அவர்கள் துரோகிகளா என்றால், என் பதில் இல்லை. துரோகம் செய்ய முதலில் ஓர் உறவு வேண்டும். தாங்களும் மெக்சிகாவும் ஒரே இனம், கடல் தாண்டி வந்தவர்கள் வேற்றினம் என்ற பிரிவே 1519-இல் அங்கே இல்லை. 'இந்தியர்' என்று எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டியது ஸ்பானிய ஆட்சி. திலாஸ்கலாவுக்கு மெக்சிகா பரம்பரை எதிரி. இந்த வெற்றிக்குப் பின் என்ன வரும் என்று கணிக்க அவர்களிடம் எந்த முன்னனுபவமும் கிடையாது. அவர்களுக்குள்ளும் எதிர்த்தவர் உண்டு: இளைய ஷிகோதென்கத்ல் முற்றுகை தொடங்கும் வேளையில் படையை விட்டு ஊர் திரும்ப, கோர்தேஸ் அவரைப் பிடித்துத் தூக்கிலிட்டார். மற்றவர்கள் போர் முடிந்தபின் பேரத்தைத் தொடர்ந்தார்கள். சபையை உயிரோடு வைத்திருந்தார்கள், ஸ்பெயினுக்குத் தூதர்களை அனுப்பினார்கள், 1521-இல் தங்கள் பங்கு என்ன என்பதை ஓவியமாகவே தீட்டிக் காட்டினார்கள். 1591-இல் வடக்கு எல்லையில் குடியேற 400 குடும்பங்கள் வேண்டும் என்று வைஸ்ராய் (மன்னரின் பிரதிநிதி) கேட்டபோது எழுத்தில் நிபந்தனை வைத்தார்கள்: வரி இல்லை, குதிரை ஏறுவோம், ஆயுதம் வைத்திருப்போம், ஸ்பானியர் எங்கள் குடியிருப்புக்குள் வீடு கட்டக்கூடாது. நிபந்தனைகள் ஏற்கப்பட்ட பிறகே வண்டிகள் கிளம்பின. அப்படிப் போனவர்கள் உருவாக்கிய குடியிருப்புகளில் ஒன்று இன்றைய சல்டீயோ நகரத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது.